பெட்டியைத் திறக்காதவர்களின் பாட்டு

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் பொருளாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'பிழைக்க வந்தவர்களுக்குப் பாட்டு எதற்கு?' என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. நான் சங்கீதம் படித்தவன் அல்ல. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. பாட்டைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் பெட்டியைப் பற்றிப் பேசத் தகுதி உண்டு. இருபது வருடமாக நான் பார்ப்பதெல்லாம் பெட்டிகள்தான். எந்தப் பெட்டி ஊருக்குப் போகிறது, எந்தப் பெட்டி ஊரிலிருந்து வருகிறது, எந்தப் பெட்டியை எடுத்துப்போக ஆளே வரவில்லை என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண் இது. இன்று நான் சொல்லப்போவதும் பெட்டியின் கதைதான். இன்றோ நாளையோ ஊருக்குப் போய்விடுவோம் என்று, கொண்டுவந்த பெட்டியை முழுவதும் பிரிக்காமலேயே ஒரு தலைமுறை வாழ்ந்து முடித்த மக்களின் கதை.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் சங்கத்தின் பின்னறையில் பிள்ளைகள் சாயங்காலம் கிதார், பறை, கீபோர்டு என்று வைத்துக்கொண்டு பழகுகிறார்கள். அந்த அறையைக் குடோனுக்கு வாடகைக்கு விட்டு, வருகிற பணத்தை வீட்டு வழக்குச் செலவுக்கு வைக்கலாம் என்று போன கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. அதைக் கொண்டுவந்தவன் வேறு யாரும் அல்ல, நான்தான். அடுத்த மாதம் பொதுக்குழுவில் அது ஓட்டுக்கு வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

தோழர்களே, இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில் மலுக்குத் தீவுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று அம்போன். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் கிராம்புக்காகவே ஐரோப்பியன் கப்பலேறி வந்த இடம் அது. முதலில் போர்த்துகீசியன் வந்தான். 1605-இல் டச்சுக் கம்பெனிக்காரன் வந்து கோட்டையைப் பிடித்தான். நம் பழவேற்காட்டில் கோட்டை வைத்திருந்தானே, 1658-இல் நாகப்பட்டினத்தைப் பிடித்தானே, அதே கம்பெனிதான். நம் சோழமண்டலக் கரை நெசவாளி நெய்த துணியை ஏற்றிக்கொண்டு போய், அங்கே கொடுத்துக் கிராம்பு வாங்கினான். கிராம்பு தன் கையை விட்டுப் போகக்கூடாது என்று, தான் சொன்ன தீவுகளைத் தவிர மற்றத் தீவுகளில் இருந்த கிராம்பு மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்க்க வைத்தான். நம் தறியும் அவர்கள் மரமும் ஒரே கணக்கேட்டில் எழுதப்பட்டவை என்பதை மறந்துவிடக் கூடாது.

பின்னாளில் அந்த மக்களுள் கிறித்தவர்களானவர்களை டச்சுக்காரன் தன் காலனிப் படையில் நிறையச் சேர்த்தான். சொந்தத் தீவில் பிழைப்பு இல்லை. படையில் சம்பளம் உண்டு. தகப்பனுக்குப் பின் மகன் என்று சேர்ந்தார்கள். யாருடைய நாட்டை யாருக்காகக் காவல் காக்கிறோம் என்று சிப்பாய் கேட்பதில்லை. கேட்க விடுவதும் இல்லை. இந்தோனேசியா விடுதலைக்குப் போராடியபோது இவர்கள் எஜமானின் பக்கம் துப்பாக்கி பிடித்தார்கள். அதை மூடி மறைத்து இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

1949 டிசம்பர் 27-இல் டச்சு அரசு இந்தோனேசியாவிடம் ஆட்சியை ஒப்படைத்தது. 1950 ஏப்ரல் 25-இல் அம்போனில் தென் மலுக்குக் குடியரசு என்று தனிநாடு அறிவித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் காலனிப் படை கலைக்கப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் இந்தோனேசியப் படை அம்போன் நகரைப் பிடித்துவிட்டது. ஜாவாவில் முகாமிட்டிருந்த மலுக்குச் சிப்பாய்கள், 'எங்களை எங்கள் தீவில் கொண்டுபோய் விடு, நேற்றுவரை நாங்கள் சுட்ட ஆட்களின் நடுவில் கலைத்துவிடாதே' என்றார்கள். நீதிமன்றமும் அவர்கள் விருப்பத்துக்கு மாறாக அங்கே கலைக்கக்கூடாது என்றது. வேறு வழி தெரியாத அரசு 1951-இல் அவர்களைக் குடும்பத்தோடு கப்பலேற்றி நெதர்லாந்துக்கு அனுப்பியது. பெண்டு பிள்ளைகளோடு சுமார் 12,500 பேர். முதல் கப்பல் மார்ச் 21-இல் ராட்டர்டாம் துறைமுகத்துக்கு வந்தது. கொஞ்ச நாள் இருப்பு, ஆறு மாதம் போல், அப்புறம் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையில் வந்தார்கள்.

கரை இறங்கியதும் அவர்களுக்குக் கிடைத்த முதல் காகிதம் எது தெரியுமா? படையிலிருந்து நீக்கிய உத்தரவு! தலைமுறை தலைமுறையாகச் சேவகம் செய்தவனுக்கு, குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது, சீட்டுக் கிழிக்கப்பட்டது.

எங்கே குடிவைத்தார்கள்? வெஸ்டர்போர்க் என்று ஒரு முகாம். 1942 முதல் 1944 வரை நாஜிகள் அங்கிருந்துதான் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை ரயிலேற்றிக் கொலைமுகாம்களுக்கு அனுப்பினார்கள். அந்த முகாமுக்குப் பெயரை மாற்றி, இவர்களை உள்ளே வைத்தார்கள். வூக்த் என்ற ஊரில் இருந்த பழைய நாஜி முகாமிலும் அப்படியே. பொதுச் சமையலறையில் டச்சுச் சாப்பாடு. கைச்செலவுக்கு ஆளுக்கு வாரம் மூன்று கில்டர். ஊராரோடு கலந்து வேலை செய்து வாழ அவர்களை அப்போது அரசு எதிர்பார்க்கவே இல்லை. போகப்போகிறவர்கள்தானே என்று நினைத்தது. போகப்போகிறோம்தானே என்று இவர்களும் நினைத்தார்கள். இரண்டு பேரும் நினைத்து நினைத்தே, ஆறு மாதம் ஆறு வருடமாயிற்று. 1956-இல், 'இனி உங்கள் சாப்பாட்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அரசு சொன்னபோது, துப்பாக்கி தவிர வேறு தொழில் தெரியாதவன் ஆலை வாசலில் போய் நின்றான்.

இந்த நிலையில் அந்தப் பெட்டியிலிருந்து முதலில் வெளியே வந்தவற்றுள் ஒன்று கிதார்.

ஏன் கிதார் என்று கேட்பீர்கள். ஒரு கிதார், ஒரு உகுலேலே, இரண்டு மூன்று குரல் இருந்தால் போதும், கச்சேரி ஆகிவிடும். நொட்டேஷன் வேண்டாம், காதில் கேட்டு விரலில் பிடித்துக்கொள்ளலாம். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் குழந்தை தூங்கினால் மெதுவாக மீட்டலாம். அம்போன் மக்கள் கோவிலில் பல குரலாகப் பிரிந்து பாடிப் பழகியவர்கள். ஒருவன் மேலே போனால் இன்னொருவன் தானாகக் கீழே பிடிப்பான். தம்பிமாருக்கு வாத்தியார் தேவையில்லை. அண்ணன்மாரின் விரலைப் பார்த்தாலே போதும்.

இந்தத் தந்தி வாத்தியங்கள் வந்த வழியைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், அதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஜகார்த்தாவுக்குப் பக்கத்தில் தூகு என்று ஒரு கிராமம். 17-ஆம் நூற்றாண்டில் அங்கே குடிவைக்கப்பட்டவர்கள் போர்த்துகீசு பேசிய, விடுதலை பெற்ற அடிமைகள். அவர்களுள் பலருடைய முன்னோர் வங்காளக் கரையிலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் கப்பலில் கொண்டுபோகப்பட்டவர்கள். போர்த்துகீசியனின் சிறிய கிதாரைப் பார்த்து அவர்கள் ஒரு வாத்தியம் செய்துகொண்டார்கள். அது எழுப்பும் ஓசையை வைத்தே குரோன்சோங் என்று பெயர் வந்தது. அந்தப் பெயரே பிறகு அந்த இசைக்கும் ஆயிற்று. இரண்டு சின்னக் கிதார்கள். ஒன்று அடிக்கும் இடத்தில் மற்றொன்று விடும், ஒன்று விடும் இடத்தில் மற்றொன்று அடிக்கும். பெரிய செல்லோ வாத்தியத்தை வில் போடாமல் விரலால் தட்டி மிருதங்கம் போல் பேசவைப்பார்கள். மேலே புல்லாங்குழலும் வயலினும் போகும். இந்த இசை பட்டாளத்தோடும் கப்பலோடும் தீவுதீவாகப் போயிற்று.

அதே போர்த்துகீசுச் சின்னக் கிதார் 1879-இல் மதெய்ரா தீவுக் கூலிகளோடு ஹவாயித் தீவுக்குப் போய் உகுலேலே ஆயிற்று. யாருடைய கரும்புத் தோட்டத்திலோ உழைக்கப் போனவன் இடுப்பில் தூக்கிக்கொண்டு போன வாத்தியம் அது. ஹவாயிக்காரர்கள் கிதாரை மடியில் படுக்கவைத்து, தந்தியின்மேல் இரும்புத் துண்டை வழுக்கவிட்டு வாசிக்கவும் கண்டுபிடித்தார்கள். பழைய இந்திப் படப்பாட்டுகளில் வழுக்கிக்கொண்டே போகுமே ஒரு ஒலி, அதுதான். உலகப் போருக்கு முன்பே அந்த ஒலி இந்தோனேசியத் தீவுகளுக்குப் பரவியது. அம்போன் வாலிபர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நெதர்லாந்தில் 1950-களில் ஹவாயி இசைக்கு ஒரு மோகம் இருந்தது. அங்கே அந்தக் கிதாரில் பெயர் வாங்கியவர்களுள் ஒருவர் ரூடி வைராட்டா என்ற அம்போன்காரர். அவர் வாசித்த குழுவின் பெயர் அம்போய்னா செரினேடர்ஸ். பேரில் ஊரை வைத்தார்கள், கவனியுங்கள்! தேசப்படத்தில் கிடைக்காத இடத்தை இசைத்தட்டின் மேலே அச்சடித்துக்கொண்டார்கள்.

முகாமில் பிறந்த பிள்ளைகள் வளர்ந்தார்கள். 1960 வாக்கில் தொடங்கி, முகாம்களை மூடி, மலுக்கு மக்களுக்கென்று தனித் தெருக்கள் கட்டிக் குடியேற்றினார்கள். வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து கடைசிக் குடும்பம் வெளியேறியது 1971-இல். பள்ளிக்கூடத்தில் டச்சு, வீட்டில் மலாய். தீவை ஒருநாளும் பார்த்திராத பிள்ளைக்கு 'நம் ஊர்' என்றால் என்ன? அப்பனின் பேச்சும், அம்மாவின் சமையலும், கலியாண வீட்டில் விடியும்வரை நடக்கும் பாட்டும் ஆட்டமும்தான். அப்பன் திட்டும்போது மலாய் வெறுப்பாக இருந்திருக்கும். பாடும்போது அதே மலாய் இனித்திருக்கும். நம் வீட்டிலும் இதுதானே நடக்கிறது? 'தமிழ் படி' என்று நான் அதட்டினால் என் மகன் இந்தியில் பதில் சொல்கிறான். ஆனால் பின்னறையில் பாட்டுக்கு அடி எடுத்துக் கொடுக்கும்போது தமிழில்தான் கொடுக்கிறான்.

தோழர்களே, இனிச் சொல்லப்போவதை ஒரு ரயில்வேக்காரனாகச் சொல்கிறேன். 1975 டிசம்பர் 2. நெதர்லாந்தின் வடபகுதியில் வைஸ்டர் என்ற இடத்தில் மலுக்கு இளைஞர்கள் சிலர் ஒரு ரயிலை நிறுத்திப் பிடித்துக்கொண்டார்கள். பன்னிரண்டு நாள். மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். அதில் ஒருவர் அந்த வண்டியின் டிரைவர். 1977 மே 23-இல் மறுபடியும் டி புன்ட் என்ற இடத்தில் ஒரு ரயில். அதே நாளில் போவன்ஸ்மில்டே ஊரில் நூறு பிள்ளைகளோடு ஒரு பள்ளிக்கூடம். ஜூன் 11-இல் ராணுவம் ரயிலைத் தாக்கியது. பிடித்தவர்களில் ஆறு பேரும், பிணையாக இருந்தவர்களில் இரண்டு பேரும் செத்தார்கள்.

தந்தையருக்குச் செய்த துரோகத்துக்காகத்தான் மக்கள் கொதித்தார்கள் என்பது உண்மை. அந்தக் கொதிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் வண்டி ஓட்டி வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன வேண்டிய டிரைவரை, படிக்க வந்த குழந்தையை, எந்த நியாயத்தின் பேராலும் பலிகொடுக்க நான் சம்மதிக்கமாட்டேன். அவர் என் இனத்துக்காரர், தோழர்களே. ரயில் தொழிலாளி! பசியும் அவமானமும் ஒரு தலைமுறையைச் சும்மா விட்டாலும் அடுத்த தலைமுறையைச் சும்மா விடாது. அந்தக் கோபத்துக்கு ஒரு சங்கமும், ஒரு மேடையும், ஒரு குரலும் கிடைக்காவிட்டால் அது கண்ணில் பட்டவனைக் கடித்துவிடும். பாட்டு இருந்தால் துப்பாக்கி வராது என்று நான் சொல்லவில்லை. அந்தத் தெருக்களிலும் பாட்டு இருந்தது. ஊருக்குத் திரும்புவோம் என்ற ஏக்கத்தையே நாலு சுவருக்குள் பாடிக்கொண்டிருந்தால் போதாது, வெளியே இருப்பவன் காதிலும் அது விழவேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

விழுந்தது. எப்படி விழுந்தது என்று கேளுங்கள். அந்த ரயில் ரத்தத்தில் முடிந்து மூன்றே வருடம். 1980-இல், மசாடா என்ற மலுக்கு வாலிபர் குழு ஒரு பாட்டை வெளியிட்டது. பெயர் 'சாயாங் ஏ'. 'சாயாங்' என்றால் மலாயில் அன்புக்குரியவர். அந்தப் பாட்டு நெதர்லாந்தின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது! 'இவர்களைக் கண்டாலே பயம்' என்று பேசிய நாடு, அர்த்தம் தெரியாமலே மலாய்ச் சொல்லை முணுமுணுத்துக்கொண்டு வேலைக்குப் போயிற்று. அந்தப் பிள்ளைகள் தாத்தாவின் பாட்டை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. மின்சாரக் கிதாரைச் சேர்த்தார்கள், லத்தீன் அமெரிக்க மேளத்தைச் சேர்த்தார்கள். எங்கிருந்தோ எடுத்ததையெல்லாம் சேர்த்து, தங்கள் மொழியில் பாடினார்கள். நம் பிள்ளைகள் பறையோடு கீபோர்டு வைப்பதைப் பார்த்து முகம் சுளிக்கிறோமே, குரோன்சோங்கும் உகுலேலேயும் மட்டும் எங்கிருந்து வந்தன? கப்பலேறி, கைமாறி, அடிமையின் கையிலும் கூலியின் கையிலும் உருமாறி வந்தவைதானே?

சரி, பாட்டு முதலிடத்துக்கு வந்தது, உரிமை வந்ததா? வரவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். உரிமைக்குச் சங்கம் வைத்துப் பேசினார்கள், மனுப் போட்டார்கள், வாதாடினார்கள். 1986-இல்தான் அரசு இறங்கி வந்தது. பழைய சிப்பாய்களுக்கும் விதவைகளுக்கும் ஆண்டுக்கு 2,000 கில்டர், இளைஞர்களுக்கு வேலைத் திட்டம், மலுக்கு வரலாற்றுக்கு ஒரு மியூசியம் என்று ஒப்பந்தம் ஆயிற்று. வந்து முப்பத்தைந்து வருடம் கழித்து! அதற்குள் எத்தனை சிப்பாய்கள் கண்ணை மூடிவிட்டார்கள்! வழக்கும் மனுவும் எவ்வளவு மெதுவாக நகரும் என்பதற்கு நம் வீட்டு வழக்கே சாட்சி.

நான் கேட்பது இதுதான். முப்பத்தைந்து வருடம் மனுப் போட ஆள் எங்கிருந்து கிடைத்தது? முதலில் மனுப் போட்டவனுக்கு வயதாகிவிட்டபோது, அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொள்ள 'நானும் இவர்களில் ஒருவன்' என்று நினைக்கிற பிள்ளை ஒருவன் வேண்டுமே. அந்த நினைப்பு எங்கே வளர்ந்தது? ஜெபக் கூடத்தில், அடுப்படியில், கிதாரைச் சுற்றி உட்கார்ந்த வட்டத்தில். கிதார் மனுப் போடவில்லை. மனுப் போடும் பிள்ளையைக் கிதார் தெருவிலேயே கட்டி வைத்திருந்தது.

இன்னொன்றும் கேளுங்கள். 1999 ஜனவரியில் அம்போன் தீவிலேயே கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் கலவரம் மூண்டது. மூன்று வருடம் ஊர் எரிந்தது. அந்தத் தீவில் பேலா என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒரு கிராமமும் இன்னொரு கிராமமும் உடன்பிறப்பு என்று சத்தியம் செய்துகொள்ளும், மதம் வேறாக இருந்தாலும்கூட. இவர்கள் அடித்தால் அவர்கள் கைபிடிப்பார்கள், இவர்கள் கூரை போட்டால் அவர்கள் மரம் கொண்டுவருவார்கள். அந்தச் சத்தியத்தையும் மீறி எரிந்த ஊர் அது. அதே அம்போனை 2019-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு 'இசை நகரம்' என்று அறிவித்தது. எரிந்த ஊர் எதைச் சொல்லித் தன்னை உலகத்துக்கு அறிமுகப்படுத்திக்கொள்கிறது பார்த்தீர்களா? கிராம்பைச் சொல்லவில்லை, பட்டாளத்தைச் சொல்லவில்லை. பாட்டைச் சொல்கிறது.

இனி நம் பின்னறைக்கு வருகிறேன்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தபோது நான் சொன்னது நினைவிருக்கும்: 'முதலில் வீடு, பிறகு பாட்டு.' கைதட்டினீர்கள். அன்று இரவு வீட்டுக்குப் போனேன். பரண்மேல் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. எங்கள் அப்பா ஊரிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. 'இரண்டு வருடம் சம்பாதித்துவிட்டுத் திரும்பிவிடுவோம்' என்று சொல்லிச் சொல்லியே இங்கேயே கண்ணை மூடியவர் அவர். திறந்து பார்த்தேன். ஒரு வேட்டி, ஊர்க் கோவில் கொடைக்கு வரி கட்டிய ரசீதுகள், ஜோடி உடைந்த ஒரு ஜால்ரா. அப்பா கும்மிப் பாட்டுக்கு ஜால்ரா போடுவார் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் கேட்டதே இல்லை. இந்த ஊரில் அவருக்கு உட்கார்ந்து போட ஒரு அறை இருந்ததில்லை. எனக்கு அந்தப் பாட்டில் ஒரு வரிகூடத் தெரியாது. அந்தப் பெட்டி பார்சல் ஆபீசில் ஆள் வராமல் கிடக்கும் பெட்டி மாதிரி என் வீட்டுப் பரணிலேயே கிடந்திருக்கிறது. வாங்கிக்கொள்ள வேண்டிய ஆள் நான். நான்தான் வரவில்லை.

ஆகவே, தோழர்களே, என் தீர்மானத்தை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று இந்த மேடையில் அறிவிக்கிறேன். அதற்குப் பதிலாக மூன்று யோசனைகளை வைக்கிறேன். ஒன்று: பின்னறை பிள்ளைகளுக்கே. இரவு ஒன்பதரைக்குள் முடிக்கவேண்டும், காலை ஷிப்டுக்காரன் தூங்கவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. இரண்டு: வீட்டு வழக்குக்குப் பணம் வேண்டும் என்பது மாறவில்லை. நம் பிள்ளைகளின் குழு கலியாண வீடுகளிலும் விழாக்களிலும் வாசித்து வருவதில் ஒரு பங்கை வழக்கு நிதிக்குத் தரட்டும். எடுத்த எடுப்பில் வாடகைப் பணம் அளவுக்கு வராது என்பது எனக்குத் தெரியும். பற்றாக்குறைக்கு, பொருளாளன் என்ற முறையில், வீடுவீடாக வந்து வசூல் செய்வேன். கதவைச் சாத்தாதீர்கள். மூன்று: பெரியவர்கள் வாரத்துக்கு ஒருவராக வந்து தங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எதுவானாலும் சரி. முன்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருக்கும் ஆச்சிமாரே, உங்களைத்தான் சொல்கிறேன். உங்கள் பெட்டியையும் திறவுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அறை இனாம் அல்ல. வழக்கு நாளன்று கோர்ட்டு வாசலில் உங்கள் தலைகளை எண்ணுவேன். வாசிக்கத் தெரிந்த கை கையெழுத்துப் போடவும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொதுக்குழுவில் உங்கள் ஓட்டை எதிர்பார்க்கிறேன்.